இடது கன்னம்

போளூர்,
8-1-82

அன்புள்ள பிலோமிக்கு,

நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கிறிஸ்துமஸ் அன்று பாதிச் சோற்றில் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் மலை பஸ் ஏறிப் போனவள் சுகமாகத்தான் இருப்பாள். இங்கே உன் மாமாவுக்குத்தான் சுகமில்லை. "சின்னப் பொண்ணு சாப்புடாம போய்ட்டாளே" என்று சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார்.

அப்படி நான் என்ன சொல்லிவிட்டேன்? "உன் மொகத்துல சாமை வெதைக்கலாம் போல இருக்கே" என்றேன். விருந்தாளிகள் முன்னால் சொன்னது தப்பு என்கிறார் மாமா. இருக்கட்டும். உனக்குப் பரு வந்த காலத்தில் "கிள்ளாதடி, கிள்ளாதடி" என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். அம்மா செத்தபோது உனக்கு நாலு வயது. எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போது சீர்ப் பாத்திரம் ஒரு கையில், நீ ஒரு கையில். உன் முகத்தைப் பற்றி எனக்குப் பேச உரிமை இல்லையென்றால் வேறு எவளுக்கு இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். வேலூரில் ஒரு தோல் டாக்டர் இருக்கிறார். கத்தி வைக்காமலே பருத் தழும்பை ஆற்றுகிறாராம். கண்ணமங்கலத்து ஜெபகுமாரி டீச்சர் போய்வந்தார். கன்னம் இப்போது பார்க்கும்படி இருக்கிறது. கலசப்பாக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்யும் செல்வநாதன் வீட்டில் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். தவக்காலம் முடிந்து, ஈஸ்டர் கழிந்து பார்க்க வருவார்கள். அதற்குள் ஏதாவது செய்யலாம் என்பது என் எண்ணம். கோபத்தைக் கொஞ்சம் ஆறவைத்துவிட்டு பதில் போடு.

உன் அக்கா,
மார்த்தாள்

*

ஜவ்வாது மலை,
19-1-82

அன்புள்ள அக்காவுக்கு,

சாமையெல்லாம் இங்கே அறுத்து முடித்துவிட்டார்கள். என் முகத்தில் விதைக்க நீ அடுத்த ஆடி வரை பொறுக்க வேண்டும்.

செல்வநாதனுக்காக நான் முகத்தைக் கழற்றி மாட்டமாட்டேன். அவரிடம் அதை இப்போதே சொல்லிவிடு. ஆனால் வேலூருக்கு வருகிறேன். காரணம் வேறு. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

இந்த மலையில் யாரும் என் முகத்தில் இருப்பதைப் பருத் தழும்பு என்று நினைக்கவில்லை. இங்கே கன்னத்தில் குழி என்றால் அம்மை போட்ட குழிதான். நான் நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் ஊசிப் பெட்டியோடு போனால், பெண்கள் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். என்னோடு சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் ஆயா முத்தம்மாதான், "அம்மா முத்து போட்ட மொகம்டி இது. இவ கை பட்டா ஒண்ணும் ஆவாது" என்றாள். கதவுகள் திறந்தன. நானும் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைக்கு ஊசி போட்டால் சரி என்று இருந்துவிட்டேன்.

நிலையத்துக்கு மேல்பக்கம் மங்கம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மகள் அம்சவல்லி பெரியம்மையில் போய்விட்டாள். ஏழு வயது. அம்மையில் போன பிள்ளைக்கு அழக்கூடாது, அழுதால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பது வழக்கம். மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது. மங்கம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். அழாததாலோ என்னவோ, அவளுக்கு அந்தச் சாவு சாவாகவே ஆகவில்லை. அம்மன் கூட்டிப்போய் எங்கேயோ வளர்க்கிறாள் என்று காத்துக்கொண்டிருந்தாள். அப்போது நான் வந்து சேர்ந்தேன். கன்னத்தில் குழியோடு, அந்தப் பெண் இருந்திருந்தால் என்ன வயதோ அந்த வயதில்.

முதல் நாள் சாமைச் சோறும் கீரைக் கடையலும் கொண்டுவந்தாள். எதிரில் உட்கார்ந்து என் கன்னத்துக் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "அம்சா, வந்துட்டியாடி" என்றாள். "நான் பிலோமினாள். போளூர்" என்றேன். "அங்கதான் வெச்சி வளத்தாளா ஒன்ன?" என்று கேட்டாள்.

சிரிக்காதே. போன வாரம் அவள் வீட்டுக்குள் முதல் தடவையாகப் போனேன். வடக்கு மூலையில் என் கால் தானாக நின்றுவிட்டது. நகரவில்லை. வெளியே வந்தபிறகு முத்தம்மா சொல்கிறாள், அம்சா வேப்பிலையில் கிடந்தது அந்த மூலையில்தான் என்று. அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது வழியில் யாராவது அம்சா என்று கூப்பிட்டால் கழுத்து திரும்பப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

இந்தக் குழிகளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் என்மேல் ஏறி நிற்கிறாள். குழிகள் போனால் அவளும் போய்விடுவாள். என் முகம் எனக்கு வேண்டும். அந்த டாக்டர் என்ன செய்கிறார், வலிக்குமா, முழுக்கப் போகுமா என்று கேட்டு எழுது.

பிலோமினாள்

*

போளூர்,
3-2-82

அன்புள்ள பிலோமிக்கு,

உலகத்தில் எல்லோரும் டாக்டருக்குப் பயந்து பேய் ஓட்டுகிறவனிடம் போவார்கள். நீ பேய்க்குப் பயந்து டாக்டரிடம் போகிறாய். நீ படித்த படிப்புக்கு இது பொருத்தம்தான்.

போன திங்கட்கிழமை மாமாவோடு வேலூர் போய்வந்தேன். "ஆளக் கூட்டிகினு வராம தழும்ப மட்டும் எப்டிம்மா காட்டுவீங்க?" என்று டாக்டர் சிரித்தார். நான் என் கன்னத்தில் உன் குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இது ஆழம், இது சும்மா மேலாக, இது ஓரம் சரிந்தது என்று சொல்லச் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நல்ல மனுஷன்.

அமெரிக்காவில் மாட்டுத் தோலிலிருந்து ஏதோ சத்தை எடுத்து, குழிக்கு அடியில் ஊசியால் ஏற்றி மேடாக்குகிறார்களாம். இங்கே வந்து சேர எத்தனை காலமோ. மாட்டுத் தோல் என்றதும் மாமா முகத்தைச் சுளித்தார். இன்னொன்று, சோடாவில் அடைக்கிற வாயுவையே பனிக்கட்டியாக்கித் துணியில் முடிந்து தேய்ப்பது. மேல்தோல் உறைந்து உரியும். வைட்டமினிலிருந்து எடுத்த ஒரு களிம்பு இருக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு. தினமும் படுக்கும் முன்னால் பூச வேண்டும். தோல் சிவந்து செதில் செதிலாக வரும். அது ஆள் பொறுமையைப் பார்க்கிற மருந்து, மாதக்கணக்கில் ஆகும். கடைசியாக ஒரு அமிலம். பஞ்சால் தொட்டுத் தடவினால் தோல் சுண்ணாம்பாக வெளுக்குமாம். அப்புறம் கருத்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்துவிடுமாம். அடியிலிருந்து புதுத்தோல் வரும்.

உனக்குக் களிம்பும் அமிலமும் என்று முடிவு செய்திருக்கிறார். ஆனால் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. "நம்ம நெறத்துக்கு இத ஜாக்ரதையா போடணும்மா. புதுத்தோல் கருத்துப் போனாலும் போயிடும். மொதல்ல ஒரு கன்னம் போடுவோம். அது நல்லா வந்தாதான் அடுத்தது" என்றார். மேலாக இருக்கும் குழி மறையும், ஆழமானதற்கு ஓரம் மழுங்கும், அவ்வளவுதான். வெயில் ஆகவே ஆகாது. மலையில் யாராவது சேராங்கொட்டை எண்ணெய் பூசச் சொன்னால் ஓடிவந்துவிடச் சொன்னார். அது தழும்போடு முகத்தையும் கொண்டுபோய்விடுமாம்.

களிம்பை கண்டக்டர் கண்ணாயிரத்திடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு மாதம் பூசு. அப்புறம் இறங்கி வா, அமிலத்துக்கு நானே கூட வருகிறேன். அதுவரை படுக்கும்போது ஜெபமாலை சொல்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. அந்த அம்மாள் கன்னத்தைத் தொடுகிறாள் என்று எழுதினாய். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று எழுதவில்லையே?

உன் அக்கா,
மார்த்தாள்

*

ஜவ்வாது மலை,
18-3-82

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று திட்டி எழுதியிருப்பாய். அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை. பொருக்கு உதிரும்வரை உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். செல்வநாதனின் அம்மாவை வரவழைத்துக் கதவிடுக்கு வழியாக என்னைக் காட்டச் சொல்லவில்லை. "சரியாயிடும்ங்க, சரியாயிடும்ங்க" என்று நீ அந்த அம்மாளிடம் கெஞ்சிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. என்னை விற்கவா வளர்த்தாய்?

சரி, விடு. அமிலம் போட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய், அதையும் மறக்கவில்லை. மிளகாய் அரைத்த கை கண்ணில் பட்டால் எரியுமே, அது கன்னம் முழுக்க. நான் அழாமல் இருந்தேன். விசிறிக்கொண்டிருந்த நீதான் அழுதாய்.

இடது கன்னம் இப்போது காய்ந்த பேரீச்சம்பழத் தோலாகச் சுருங்கிக் கருத்திருக்கிறது. முக்காடு போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். மங்கம்மாள் புளி உலுக்கிக்கொண்டிருந்தாள். கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். முக்காட்டை விலக்கினாள். பயப்படுவாள், ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. "ஆத்தா மறுபடி எறங்கியிருக்கா. இந்த தபா நான் வுடமாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து நிலையத்து வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது. ஊரில் யாரும் தாளிப்பதில்லை. எனக்குக் கூழும் இளநீரும் வருகின்றன. டாக்டர் போட்ட மருந்து இது என்று முத்தம்மாவிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "இன்னா மருந்து மொகத்த இப்டி ஆக்கும்? அம்மா பேரச் சொல்ல பயந்துகினு மருந்துன்ற" என்கிறாள். பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று இந்தச் சுவரில் போஸ்டர் ஒட்டியவள் நான். இந்தப் பேச்சு கீழே போனால் அதிகாரிகள் ஜீப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மை தணிந்தால் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுவார்கள் இல்லையா? அம்சாவுக்கு இரண்டு தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. பிழைத்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தபோது ஜுரம் திரும்பி, மூன்றாவது தண்ணீருக்கு முன்னால் போய்விட்டாள். வருகிற புதன்கிழமை மங்கம்மாள் எனக்குத் தண்ணீர் ஊற்றப்போகிறாள். ஒரே ஒரு தண்ணீர். மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்டேன். "அது அப்பவே ஊத்தியாச்சேடி" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

பிலோமினாள்

*

போளூர்,
20-3-82

பிலோமி,

கடிதம் இப்போதுதான் வந்தது. புதுத்தோலில் மஞ்சளும் வேப்பிலையும் படக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நீ நர்ஸா, யாராவது கூப்பிட்டால் தலை குனிகிற ஆடா? ஒரு சொட்டுத் தண்ணீர் உன் தலையில் விழக்கூடாது. செவ்வாய்க்கிழமை மாலை பஸ்ஸில் நானே வருகிறேன். அந்த அம்மாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ யார் வீட்டுப் பெண் என்று நான் சொல்கிறேன்.

மார்த்தாள்

*

ஜவ்வாது மலை,
5-4-82

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் புதன்கிழமை மங்கம்மாள் எனக்குத் தண்ணீர் ஊற்றியபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். தடுக்க வந்தவள் நீ. கடைசியில் தலை துவட்டத் துண்டை நீட்டியதும் நீதான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அங்கே நின்றிருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஏன் தலையைக் குனிந்தேன் என்று உனக்கு மனதில் இருக்கும். நீயும் எனக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய் அக்கா, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள், அடுப்பில் உலை கொதிக்க, "சீக்கிரம்டி, சீக்கிரம்டி" என்று. அது உன் தப்பில்லை. அன்றைக்கு அவள் வெயிலில் காய்ந்த தண்ணீரை முதலில் தன் கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள். அப்புறம்தான் என் தலையில் ஊற்றினாள். அவசரமே இல்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

பொருக்கு முழுக்க அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. புதுத்தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பார்த்தால் மெச்சுவார். ஆழமான நாலைந்து குழிகள் மட்டும் ஓரம் மழுங்கி நிற்கின்றன. மற்றதெல்லாம் தடவினால்தான் தெரிகிறது. அவள் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிச் சொன்னதை நீயும் உன் காதால் கேட்டாய். "அம்மா எறங்கறதுக்கு மின்ன எம்பொண்ணு இப்டித்தான் இருந்தா. இதே கன்னம்."

நான் கட்டிய மனக்கோட்டை அதோடு இடிந்தது. குழிகள் போனால் அவள் போய்விடுவாள் என்றுதானே எரியும் அமிலத்துக்கு முகத்தைக் கொடுத்தேன்? குழிகள் இருந்தவரை நான் செத்துப்போன பெண்ணாக இருந்தேன். இப்போது பிழைத்த பெண்ணாகிவிட்டேன். மங்கம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாள். மகளின் பங்காக எனக்கு ஒரு பலாமரத்தைக் குறித்துவைத்திருக்கிறாள்.

கண்ணாடியில் வலது கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறேன். பரு வருவதற்கு முன்னால் எனக்கு இருந்த கன்னம்தான் இது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தக் கன்னம் நினைவில்லை அக்கா. எவ்வளவு நேரம் பார்த்தாலும் பழக்கமில்லாத ஒரு பெண்தான் என்னைப் பார்க்கிறாள். அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இந்தக் கன்னத்தை முன்பே பார்த்திருக்கிறேன் என்று சொல்ல உலகத்திலேயே ஒருத்திதான் இருக்கிறாள், அவள் பார்த்தது வேறு பெண்ணை.

நீ என்னை வளர்த்தவள். உனக்குத் தெரியும். பருவுக்கு முன்னால் என் முகம் எப்படி இருந்தது என்று எழுது. ஒரு மச்சம், ஒரு கீறல், எதுவாக இருந்தாலும் போதும். அதை வைத்துக்கொண்டு நான் இது என் முகம் என்று சொல்லிக்கொள்வேன். இடது நன்றாக வந்தால் வலது கன்னத்துக்கு என்று டாக்டர் 22ஆம் தேதி குறித்திருக்கிறார். உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். சீக்கிரம் எழுது. நேற்று குருத்தோலை ஞாயிறு, பூசைக்குக் கீழே இறங்கலாம் என்று பையை எடுத்தேன். பின்னாலிருந்து அவள் அம்சா என்று கூப்பிட்டாள். திரும்பி, "இன்னாம்மா" என்று கேட்டுவிட்டேன்.

பிலோமினாள்

*

போளூர்,
13-4-82

அன்புள்ள பிலோமிக்கு,

உன் கடிதம் பெரிய வியாழனன்று வந்தது. அன்றே எழுத உட்கார்ந்தேன். "உன் கன்னம்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

உன் பச்சைப் பாவாடை நினைவிருக்கிறது. முழங்காலில் சீழ் வைத்த காயம், முன்பல் விழுந்த நாள், ராகம் போட்டு நீ வாய்ப்பாடு சொன்னது எல்லாம் இருக்கிறது. முகம் வரவில்லை. பெட்டியைக் கவிழ்த்து, முதல் நற்கருணையன்று எடுத்த உன் புதுநன்மைப் படத்தை எடுத்தேன். பாதி முகத்தில் முக்காட்டு நிழல், மீதியில் வெயில் விழுந்து வெள்ளையாகக் கிடக்கிறது. மாமாவைக் கேட்டேன். "நல்லாத்தான் இருந்தா" என்றார். எப்படி நல்லா என்றால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பிள்ளையை வளர்க்கிறவள் அதன் முகத்தை எங்கே பார்க்கிறாள்? தலையில் பேன், காலில் முள், தட்டில் மிச்சச் சோறு, இவற்றைத்தான் பார்க்கிறாள்.

ஈஸ்டர் பூசையில் கண்ணை மூடி உன்னைச் சின்னப் பெண்ணாக நினைத்துப் பார்த்தேன். கிணற்றடியில் பச்சைப் பாவாடையோடு நீ நிற்கிறாய். கூப்பிட்டேன், திரும்பினாய். அன்றைக்கு மலையில் நான் துண்டு நீட்டினேனே, தண்ணீர் சொட்ட நின்ற முகம், அதுதான் அந்த உடம்பின் மேல் இருந்தது. பக்கத்தில் மங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் நான் யாரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று பயந்துவிட்டேன். பூசை முடியும்முன் எழுந்து வெளியே வந்தேன்.

செல்வநாதனும் அவருடைய அம்மாவும் நேற்று வந்தார்கள். ஒரு பக்கம் நன்றாக வந்திருக்கிறதாமே, மற்றதும் ஆகட்டும், அப்புறம் பேசலாம் என்றார்கள். காப்பி கொடுத்தேன். குடித்ததும் எழுந்து நின்று கும்பிட்டேன். புரிந்துகொண்டு போய்விட்டார்கள்.

இன்று காலை மாமாவை வேலூருக்கு அனுப்பியிருக்கிறேன், 22ஆம் தேதி நீ வரமாட்டாய் என்று டாக்டரிடம் சொல்வதற்கு. உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபித்துக்கொள்.

நீ கேட்ட மச்சமும் கீறலும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பதை எழுதுகிறேன். உன் வலது காதுக்குக் கீழே மூன்று குழிகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல் நாள் நீ கிள்ளியது. நான் கையில் அடித்தேன், நீ சாப்பிடவில்லை. தாடை ஓரத்தில் நீளமாக ஒன்று. அது பழுத்தபோது சந்தனம் அரைத்துப் போட்டது நான். வாய்க்குப் பக்கத்தில் இருப்பது நீ நர்ஸ் படிப்புக்குப் போன வருஷம் வந்தது, பஸ்ஸில் ஏறும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தொட்டுச் சொல்லுவேன்.

இடது கன்னம் அந்த அம்மாளுக்கு இருக்கட்டும் பிலோமி. அவளுக்கும் யாராவது வேண்டும். வலது கன்னத்தில் மட்டும் கை வைக்காதே. அதுவும் போய்விட்டால், நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது வருகிறது யார் என்று எனக்குத் தெரியாது.

உன் அக்கா,
மார்த்தாள்